திரும்பும் தேதியைத் தள்ளி எழுதுங்கள்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களிலிருந்து வேன் கட்டிக்கொண்டு லடாக்குக்குப் புறப்படவிருக்கும் சொந்தங்களுக்கு,



போன மாதம் சேலியமேட்டில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் டெம்போ டிராவலர் ஒன்று நின்றது. பட்டறையிலிருந்து அன்றுதான் வந்ததாம், பெயின்ட் வாசனை போகவில்லை. தம்பிகள் கதவைத் திறந்து காட்டினார்கள். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இருபுறமும் பலகைக் கட்டில், பின்பக்கம் கை கழுவும் தொட்டி, அடுப்பு வைக்க எவர்சில்வர் மேடை, கூரைமேல் 200 லிட்டர் தண்ணீர் டேங்க், அதன் பக்கத்தில் சோலார் தகடு. சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கிறதே கேரவன், அதை நம் ஊர்த் தச்சரும் வெல்டரும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். பார்க்கப் பெருமையாக இருந்தது. முன்கண்ணாடியில் ‘பாகூர் – லே’ என்று ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது.

“எத்தனை நாள் தம்பி?” என்று கேட்டேன்.

“பதினெட்டு நாள்ணே. போயிட்டு வந்துரலாம்.”

அதே வாரம் கூடப்பாக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர்களும் வேன் தயார் செய்கிறார்கள், பதினாறு நாள் திட்டம். அரியூரில் ஒரு குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை ஒன்பது பேர், அவர்களுக்கும் அப்படித்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நான் வேன் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வேளாங்கண்ணி, சபரிமலை, ராமேஸ்வரம் எல்லாம் கணக்கில் இல்லை. காசி, கயா பலமுறை. பத்ரிநாத் மூன்று முறை. லடாக்குக்கு இரண்டு முறை: 2019-லும் 2022-லும். இரண்டாவது பயணத்தை எப்படிப் போக வேண்டும் என்று முதல் பயணம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்தை நீங்களும் அதே விலை கொடுத்து வாங்கக் கூடாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வில்லியனூரிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு. அங்கிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டில்லி, ஜம்மு என்று ஒரே சாலை ஸ்ரீநகர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்ரீநகரிலிருந்து லே இன்னும் 420 கிலோமீட்டர். ஆக, போக மட்டும் ஏறக்குறைய 3,700. மணாலி வழியாகத் திரும்பினால் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் போக வர 7,000-க்குக் கீழே வராது. ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் என்று வைத்தாலே பதினேழரை நாள் வண்டி உருண்டுகொண்டே இருக்க வேண்டும். மலையில் 400 ஓடாது, 150 ஓடினால் அது நல்ல நாள். பதினெட்டு நாளில் போய்வரலாம் என்றால் லேயில் இறங்கி டீ குடிக்கக்கூட நேரம் இல்லை. அந்த நேரத்தை எங்கே மிச்சம் பிடிப்பீர்கள்? தூக்கத்தில் பிடிப்பீர்கள், மலையேற்றத்தில் பிடிப்பீர்கள். இரண்டுமே உயிர்மேல் கை வைக்கும் இடங்கள்.

என் முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு பேர். மணாலியில் ஒரு ராத்திரி தங்கினோம். அடுத்த நாள் அதிகாலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்து, அன்று மாலையே சர்ச்சு என்ற இடத்துக்குப் போய்விட்டோம். மணாலி 2,050 மீட்டர் உயரம். சர்ச்சு 4,290. நம் பாகூர் ஏரிக்கரையே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. அங்கே பிறந்து வளர்ந்த நுரையீரலை ஒரே பகலில் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் தலைவலி. ‘குளிருக்குத்தான், கஷாயம் குடித்தால் சரியாகிவிடும்’ என்று சொன்னவன் நான்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். எங்களோடு வந்த ஒரு பெரியம்மா உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். படுத்தால் அடைக்கிறது என்றார். “நெஞ்சுல கல்ல வெச்சாப்புல இருக்கு தம்பி.” டார்ச் அடித்துப் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. இருமும்போது தொண்டையில் தண்ணீர் களகளவென்று ஓடுகிற சத்தம். கீழே இறக்க வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் சர்ச்சுவிலிருந்து கீழே இறங்க வழியில்லை! ஒரு பக்கம் பாராலாச்சா கணவாய், இன்னொரு பக்கம் லாச்சுங் கணவாய். இரண்டுமே சர்ச்சுவைவிட அறுநூறு எழுநூறு மீட்டர் உயரம். ஏறித்தான் இறங்க முடியும்.

பக்கத்து ராணுவ முகாமில் போய்க் கதவைத் தட்டினோம். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் தமிழர். வேலூர்ப் பக்கம் என்றார். விடியும்வரை பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் ஆக்சிஜனோடு பாராலாச்சா ஏறி இறங்கி, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓட்டி, கேலாங் மருத்துவமனையில் சேர்த்தோம். கேலாங் 3,080 மீட்டர். சாயங்காலம் பெரியம்மா கண் விழித்துக் கஞ்சி கேட்டார். லே போகாமலே திரும்பினோம். பதினோரு குடும்பத்தின் சேமிப்பு அது. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த ராத்திரியைத் திட்டம் போட்டவன் நான்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே, லடாக்குக்குப் போகிறவர்கள் முதலில் கட்ட வேண்டிய சாமான் நாள். டயர், பேட்டரி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், ராத்திரி படுக்கும் இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மூன்று நாலு நாளைக்கு ஒரு நாள் ஏறாமல் ஓய்வு. பகலில் உயரமான கணவாயைத் தாண்டலாம், ஆனால் படுப்பதற்குக் கீழே வந்துவிட வேண்டும். இதனால்தான் ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள் என்கிறேன். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். சோன்மார்க், கார்கில் இரண்டும் ஏறக்குறைய 2,700. அப்புறம்தான் 3,500-ல் லே. இடையில் ஜோஜிலா, 4,108 மீட்டர் உயர ஃபோட்டுலா ஆகிய கணவாய்கள் உண்டு. ஆனால் அவற்றைத் தாண்டுகிறோம், அங்கே தூங்குவதில்லை. உடம்பு படிப்படியாகப் பழகும். லே சேர்ந்ததும் இரண்டு முழு நாள் எங்கேயும் போகாதீர்கள். கடைத்தெருவுக்குக்கூட மெல்ல நடந்து போங்கள். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். திரும்பும்போது மணாலி வழி. அப்போது உடம்பு பழகியிருக்கும். 5,328 மீட்டர் தங்லாங்லா கணவாய் வந்தாலும் தாங்கும். காட்டா லூப்ஸ் என்னும் 21 வளைவுகளை ஏற்றமாக இல்லாமல் இறக்கமாகவே கடந்துவிடலாம்.

காஷ்மீர் வழியைச் சொல்வதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாக அறிவிப்புகளைப் பாருங்கள். பகலில் மட்டும் ஓட்டுங்கள். அமர்நாத் யாத்திரை நடக்கும் நாட்களில் சோன்மார்க் சாலையில் கட்டுப்பாடு இருக்கும், போலீஸ் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். நிலைமை சரியில்லை என்றால் மணாலி வழியாகவே ஏறலாம். ஆனால் அப்போது மணாலியில் இரண்டு ராத்திரி, கேலாங் அல்லது ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி கண்டிப்பாக வேண்டும். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையால் மணாலியிலிருந்து அந்தப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. சுலபமாகிவிட்டதாலேயே எல்லோரும் வேகமாக ஏறிவிடுகிறார்கள்.

எந்த மாதம்? வில்லியனூர் வைகாசித் தேர் முடிந்து, வடம் தொட்ட கையோடு புறப்பட்டால் ஜூன் கடைசியில் மலையில் இருக்கலாம். பனி வெட்டிச் சாலை திறந்திருக்கும், மழை முழுசாக இறங்கியிருக்காது. ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மலைச்சரிவு. 2023-ல் இமாச்சலத்தில் சாலைகளை ஆறு எப்படி வாரிக்கொண்டு போனது என்று தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஜூலை பிறந்ததும் மணாலியைத் தாண்டிச் சமவெளிக்கு வந்துவிடப் பாருங்கள். பள்ளி திறந்துவிடுமே என்பது நியாயமான கவலை. ஆனால் சின்னப் பிள்ளைகளை இந்தப் பயணத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. தலை வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

ஜூனில் இன்னொரு சோதனை உண்டு. நாக்பூர், ஜான்சிப் பக்கம் வெயில் 45 டிகிரிவரை போகும். அங்கேதான் டயர் வெடிக்கும். காலை நாலு மணிக்கு எடுத்து, பதினொரு மணிக்குள் நிறுத்தி, மாலை ஐந்துக்கு மேல் மறுபடி எடுங்கள். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள். நாக்பூர் தாண்டி பென்ச் புலிக்காடு வரும். சாலையை மேலே தூக்கி, கீழே விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டாம், ஆனால் ஊர் திரும்பியபின் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

இந்தத் திசையில் நமக்கு முன்பே நாள் ஒதுக்கிப் போனவர் ஒருவர் உண்டு. 1830-ல் சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி என்பவர் காசிக்குப் புறப்பட்டார். அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பல்லக்கு, கூடாரம், சமையல்காரர்கள் என்று கூடவே நூறு பேர் அளவுக்கு ஆட்கள். கர்நூல், ஹைதராபாத், நாக்பூர் என்று இன்று நாம் போகும் அதே திசை. பதினைந்து மாதம் கழித்து 1831 செப்டம்பரில் திரும்பினார். ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் எப்படி, அரிசி கிடைக்குமா, தங்க இடம் உண்டா என்று தெலுங்கில் எழுதிவைத்தார். அவரிடம் எஞ்சின் இல்லை. நாள் இருந்தது. நம்மிடம் எஞ்சின் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டதில் பதினைந்தில் ஒரு பங்கையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உட்பக்கம் மாற்றிக் கட்டியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருக்கிறீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. சீட்டைக் கழற்றி, மேலே டேங்க் ஏற்றி, அதை எழுதாமல் விட்டால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் காரணத்தைத்தான் முதலில் கையில் எடுக்கும். மஞ்சள் போர்டு வண்டி என்றால் அகில இந்தியப் பெர்மிட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். வெள்ளைப் போர்டு வண்டியில் சொந்தபந்தத்தைத் தவிர ஒருவரிடம்கூடக் காசு வாங்கி ஏற்றாதீர்கள்.

கூரைமேல் டேங்க் வேண்டவே வேண்டாம். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. அது தலையில் உட்கார்ந்தால் வளைவில் வண்டி சாயும். தண்ணீரைத் தரைமட்டத்தில், பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். நூறு லிட்டர் போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். பிரேக் லைனர், கிளட்ச் பிளேட், பேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் இங்கேயே புதிதாக மாற்றிவிடுங்கள். பழசை ஸ்பேராகக் கட்டிக்கொள்ளுங்கள். கூலன்ட் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் மலையில் ராத்திரி உறைந்து எஞ்சினை உடைக்கும். பி.எஸ்.6 வண்டி என்றால் ஆட்புளூ கேன் ஒன்று. டீசல் பில்டர் இரண்டு, ஏர் பில்டர் ஒன்று. ஸ்டெப்னி இரண்டு, ஒன்று போதாது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடும் பழக்கம் நம் டிரைவர்கள் பலருக்கு உண்டு. ஜோஜிலாவில் அதைச் செய்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பனி உருகி ஓடும் நாலாக்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏற அதில் தண்ணீர் ஏறும்.

டீசல் நம் ஊரில் மலிவு, முழுசாக நிரப்பிக்கொண்டு கிளம்புவீர்கள், சொல்ல வேண்டியதில்லை. மலையில் கதை வேறு. மணாலிச் சாலையில் தாண்டி என்னும் இடத்தில் பங்க் வாசலில் ஒரு பலகை உண்டு: அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில். பல வருடமாக எல்லோரும் படம் பிடிக்கும் பலகை அது. நீங்கள் லேயிலிருந்து அந்தப் பக்கம் இறங்கப்போவதால் லேயிலோ காருவிலோ டேங்கை நிரப்புங்கள். என் வண்டி சமவெளியில் லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கும். அங்கே ஏழுதான் கொடுத்தது.

புதுச்சேரி நம்பர் வண்டி என்றால் எல்லை செக்போஸ்டில் எதற்காகச் சோதிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பாட்டில்கூட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். உயரத்தில் குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கத்தில் மூச்சு இன்னும் குறையும், காலையில் அது போதையா, உயரத்தால் வரும் மலை நோயா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஆட்கள் அதில்தான் ஏமாறுகிறார்கள். 2022-ல் லே போய்ச் சேர்ந்த அன்று, வழக்கம்போல் அன்னக்கூடையில் சோறு வடிக்கலாம் என்று உலை வைத்தோம். தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்தது. அரிசி போட்டு அரை மணி நேரம் ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினால் வெளியே குழைந்திருக்கிறது, நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாகக் கல். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடேறாது. எவ்வளவு காஸ் எரித்தாலும் சோறு வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே பொன்னியரிசி சமைக்க முடியாது. ஐந்து லிட்டர் குக்கர் இரண்டு, கூடுதலாக இரண்டு கேஸ்கட். பருப்பை ராத்திரியே ஊறவையுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது. அவல், ரவை, சத்துமாவு, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய் எடுத்துப்போங்கள். நம் வீட்டு வடகம் பத்து உருண்டை மறக்காதீர்கள். எந்த ஊர்க் காயாக இருந்தாலும் எண்ணெயில் அதை ஒரு கிள்ளுப் போட்டால் குழம்பு நம் ஊர்க் குழம்பாகிவிடும். உயரத்தில் பசி செத்துப்போகும். வாசனைதான் சாப்பிட வைக்கும்.

அடுப்பு வண்டிக்கு வெளியில்தான் எரிய வேண்டும். உள்ளே மேடை கட்டியிருக்கும் தம்பிகளே, அது பாத்திரம் வைக்கும் மேடையாக மட்டும் இருக்கட்டும். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தில் நடந்ததை நினையுங்கள். லக்னோவிலிருந்து தெற்கே சுற்றுலா வந்தவர்கள், நிறுத்தியிருந்த பெட்டிக்குள் காஸ் சிலிண்டர் வைத்துச் சமைக்கப்போய் ஒன்பது பேர் இறந்தார்கள். நாம் வடக்கே போகும் ஆசையைப் போலத்தான் அவர்கள் ராமேஸ்வரம் போகும் ஆசையோடு வந்தார்கள். ஐந்து கிலோ சின்னச் சிலிண்டர் ஒன்று போதும். சமைத்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். அதேபோல, குளிருகிறது என்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவை மூடிக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. மணமில்லாத விஷப்புகை அது, எழுப்பாமலே கொன்றுவிடும். கம்பளி கூட நாலு வாங்குங்கள். ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருக்கட்டும்.

இனி நான் எழுதப்போவதை ஆண்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பயணம் என்றால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். எங்கே நிறுத்தச் சொல்வது, யாரிடம் சொல்வது என்ற கூச்சம். காசிப் பயணங்களில் இருபது வருடமாகப் பார்க்கிறேன். காலையில் அரை டம்ளர் காப்பி, அப்புறம் மாலைவரை வாய் நனைப்பதில்லை. சமவெளியில் அது நீர்க்கடுப்போடு போகும். மலையில் மூச்சோடு சேர்ந்தே உடம்புத் தண்ணீர் வெளியேறுகிறது. தலைவலி வந்தால் அது தாகமா மலை நோயா என்று தெரியாது. அந்தப் பெரியம்மா, சர்ச்சு போகும் வழியில் பதினான்கு மணி நேரம் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேலாங்கில்தான் எங்களிடம் சொன்னார். சிறுநீர் கழிக்க இடம் தேட வெட்கப்பட்டேன் தம்பி என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

லே–மணாலிச் சாலையில் மோர் பிளெயின்ஸ் என்று ஒரு சமவெளி, நாற்பது கிலோமீட்டர், மரமோ புதரோ ஒன்றுகூட இல்லை. மறைவு என்று ஒன்று கிடையாது. ஆகவே வண்டியில் மடக்குக் கழிப்பறையும் ஒரு சின்ன மறைப்புக் கூடாரமும் இருக்க வேண்டும். சோலார் தகட்டைவிட இதுதான் முதலில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே, டிரைவர் நிறுத்த வேண்டும். நான் 2022-ல் அப்படித்தான் செய்தேன். பெண்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

புறப்படும் முன் ஜிப்மரிலோ உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எல்லோரும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி.பி., சர்க்கரை, இ.சி.ஜி. பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் கட்டாயம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மலையில் மூச்சு இரட்டிப்பாகத் திணறும். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் ஏறக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டே எடுங்கள், பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கி விழுங்காதீர்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது வீட்டில் கிடக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். நடக்கும்போது தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறக்குங்கள். ராத்திரியா பகலா என்று பார்க்காதீர்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு, காஷ்மீர், லடாக்கில் வேலை செய்யாது. வண்டிக்கு இரண்டு போஸ்ட்பெய்டு எண் வேண்டும், ஒன்று பி.எஸ்.என்.எல். ஆக இருந்தால் நல்லது. ஆதார் அட்டை அசல். நுப்ரா, பாங்காங் பக்கம் போக லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்டணமும் அனுமதியும் என்னவென்று அந்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறும்.

லே மக்களுக்கு வருடத்துக்கு நூறு மில்லிமீட்டர்தான் மழை. நமக்கு 1,200-க்கு மேல். அவர்கள் ஊரில் வண்டி கழுவக் கூடாது, குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கக் கூடாது. குப்பையை ஒரு சாக்கில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். பாகூர் ஏரியில் வெளியூர்க்காரன் பாட்டில் வீசினால் நமக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக ஒன்று. ஜூன் வருவதற்குள் ஒத்திகை ஒன்று பார்த்துவிடுங்கள். முழு சாமானோடு, முழு ஆட்களோடு, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்குப் போய் இரண்டு ராத்திரி வண்டியிலேயே தூங்குங்கள். யார் குறட்டை விடுகிறார், யாருக்கு வாந்தி வருகிறது, எந்தக் கதவு இடிக்கிறது, பிரேக் எங்கே நாறுகிறது எல்லாம் தெரிந்துவிடும். அங்கே தாங்காதவர்கள் லடாக் வர வேண்டாம். அதில் வெட்கமில்லை. காசியைவிட வீசம் அதிகம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் திருக்காஞ்சி, சங்கராபரணிக் கரையிலேயே இருக்கிறது.

எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாலை நாலு மணிக்குமேல் வில்லியனூர் தேரடிப் பக்கம் என் வண்டி நிற்கும். உங்கள் வண்டியையும் கொண்டுவாருங்கள், ஆர்.சி. புத்தகத்தையும் மருத்துவச் சீட்டையும் எடுத்துவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சேலியமேட்டுத் தம்பிகளே, புறப்படும் தேதியை மாற்ற வேண்டாம். முன்கண்ணாடி ஸ்டிக்கரும் அப்படியே இருக்கட்டும். திரும்பும் தேதியை மட்டும் பன்னிரண்டு நாள் தள்ளி எழுதுங்கள்.

அன்புடன்,
வில்லியனூரிலிருந்து ஒரு வேன் ஓட்டுநர்